அண்ணன் நட்சத்திரத்தில் ஒரு கல்யாணம்

அப்பா அறுபதாம் கல்யாணத்துக்குச் சம்மதித்தபோது அம்மா முதலில் நம்பவில்லை. "என்னடி ஆச்சு உங்கப்பாவுக்கு? வெயில்ல கியில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

நெய்வேலியில் ரிட்டயர் ஆகிறவர்கள் செய்கிற காரியம் அநேகமாக ஒன்றுதான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர்ப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ வீடு பார்ப்பார்கள். பிறகு திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு வந்து பிளாக் முழுக்க லட்டும் முறுக்கும் கொடுப்பார்கள். அந்த லட்டை வாயில் போட்டுக்கொண்டே அப்பா ஒவ்வொரு தடவையும், "கெழவனுக்கு எதுக்குய்யா கல்யாணம்?" என்பார். அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். நான் என் பங்குக்குப் பட்டுப்புடவையே எடுத்து வைத்தேன். மனுஷன் அசையவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சரி, போவலாம். ஆனா கரெக்டா நட்சத்திரத்து அன்னிக்குத்தான். ஒரு நாள் முன்னப் பின்ன ஆனாலும் நான் வர மாட்டேன்" என்றார்.

நட்சத்திரம் விழுந்தது ஒரு புதன்கிழமை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அது பரீட்சை நேரம். "ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்ப்பா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது அம்மா கொடுத்த சீதனம். அப்பா பதிலுக்குக் கத்தவில்லை. "சாமிக்காக இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். எதற்காக என்று நான் கேட்டிருக்கலாம். லீவு கிடைக்குமா என்கிற கவலையில் கேட்கவில்லை.

மேலே போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு மாசா மாசம் வருகிற பென்ஷனில் நான் மண்ணைப் போட விரும்பவில்லை. தவிர, எங்கள் வீட்டில் ஒரு பெயரை இரண்டு பேருக்கு வைத்துப் பட்ட பாடு போதும்.

வேனில் நாங்கள் மூன்று பேரும் டிரைவரும்தான். சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க நிறுத்தியபோது நன்றாக விடிந்திருந்தது. அம்மா வேனை விட்டு இறங்கவில்லை. தட்டு, பழம், மாலை, புதுத் தாலி எல்லாம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னை டீக்கடைக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான், சின்ன வயசுலயே ஓடிப்போயிட்டான்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"ஆமா."

"ஓடிப்போனது சித்தப்பா இல்ல, பெரியப்பா. நான்தான் தம்பி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவின் ஊர் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் சுரங்கம் இருக்கிறது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று அப்போது பேச்சு. ஐ.டி.ஐ. படித்தவர் அண்ணன்தான், அதனால் தாத்தா அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தார். வேலைக்குக் கூப்பிடுவதற்குள் அண்ணன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றார். தாத்தா அரிவாளைத் தூக்கினார். அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவர்தான். ஊரைக் காலி செய்கிற நேரத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், அண்ணன் பெயருக்கு. தாத்தா தன் சின்ன மகனைக் கூப்பிட்டு, "இன்னிலேர்ந்து நீதான் அவன். ஓடிப்போனவன் சின்னவன்னு நான் சொல்லிக்கிறேன்" என்று முடித்துவிட்டார்.

"ஊர்க்காரங்க கேக்கலியா?"

"ஊரு எங்க இருந்துது கேக்கறதுக்கு? ஆளுக்கு ஒரு திக்குல மூட்டையக் கட்டிகினு போயிட்டாங்க. எனக்கு அண்ணன் வயசு தெரியணுமேன்னு மீசை மட்டும் வளத்துகினேன்."

ஆக, அப்பாவின் பெயர், வயது, நட்சத்திரம் எல்லாமே அவர் அண்ணனுடையது. நிஜத்தில் அப்பா நாலு வயது சின்னவர். அந்த மீசையைப் பார்த்து நான் சின்ன வயதில் எவ்வளவு பயந்திருக்கிறேன்!

"இத்தனை வருஷமா ஏன்ப்பா தேடல?"

"தேடினா விஷயம் வெளிய வரும். வந்தா வேலை போயிடும். பர்மனென்ட் வேலை. அது போனா நீயும் உங்கம்மாவும் எங்க போவீங்க?" என்றார். பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். அவனுக்கு இன்னிக்கு அறுபது. அறுபது வருஷத்துக்கு ஒருக்காத்தான் அதே வருஷமும் மாசமும் நட்சத்திரமும் ஒண்ணாத் திரும்பும். அந்த நாள்ல பொறந்தவங்க எங்க இருந்தாலும் திருக்கடையூர் வந்துதான் சேருவாங்க. எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிகினே இருந்துது, எம் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அங்கதான் அறுபது வெக்கணும்னு. அவன் அத மறக்க மாட்டான். உசுரோட இருந்தான்னா இன்னிக்கு வருவான்."

"வந்தா?"

"அவன் பேர அவங்கிட்ட குடுத்துடணும். எம் பேரச் சொல்லி அவன் ஒரு தடவ என்னக் கூப்புடணும். அவ்ளோதான். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் சரி."

அப்போதுதான் தன் சொந்தப் பெயரை என்னிடம் சொன்னார். சொல்லும்போது யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பெற்ற பெண்ணிடம் தன் பெயரைச் சொல்ல அக்கம்பக்கம் பார்க்கிறார் மனுஷன். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். "இல்ல. அவன் வந்தா அவன் எதிர்லயே சொல்லிடறேன்" என்றார்.

வேனில் ஏறியதும் அம்மா, "அப்பாவும் பொண்ணும் என்ன ரகசியம் பேசறீங்க, எனக்கு வளையல் கிளையல் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருக்கடையூரில் எங்கே பார்த்தாலும் மாலை போட்ட நரைத்த தலைகள். மூட்டுவலிக்காரக் கல்யாணப் பெண்களைப் பேரன் பேத்திகள் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரகாரம் முழுக்க வரிசையாக ஹோமம் வளர்த்து, கண்ணைத் திறக்க முடியாத புகை. டிக்கெட் கொடுக்கிற இடத்தில், "மாப்பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டார்கள். அம்மா வழக்கம்போல என் விலாவில் இடித்தாள். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் அப்பா பெயரைக் கேட்டால் அம்மா என்னைத்தான் இடிப்பாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவளுக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அன்றைக்கு நானும் ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றேன். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் பெரியப்பாவின் பெயரைச் சொன்னேன்.

அப்பா மணையில் உட்காரவே இல்லை. மாலையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஹோமத்துக்காகப் போய் அங்கே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "நீங்க எந்த ஊருங்க? பூர்வீகமே அதானா?" என்று கேட்டார். தஞ்சாவூர் என்றார்கள், காரைக்கால் என்றார்கள், ஒருவர் பெங்களூர் என்றார். அம்மாவுக்கு மானம் போயிற்று. "மாப்பிள்ளை ஊரெல்லாம் சுத்திகினு இருக்காரு, பொண்ணு மட்டும் குந்திகினு இருக்கேன். புடிச்சு இழுத்துகினு வாடி அவர" என்று என்னை விரட்டினாள்.

ஒரு வழியாக அப்பா வந்து உட்கார்ந்தார். குருக்கள் சங்கல்பத்தை ஆரம்பித்தார். பக்கத்தில் நாலு இடத்தில் மேளம் அடித்ததால் அவர் தொண்டையைத் திறந்து கத்த வேண்டியிருந்தது. அந்தப் பெயரும் நட்சத்திரமும் பிரகாரம் முழுக்கக் கேட்டது.

என் பின்னால் தூண் ஓரமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் தேங்காய், பழம், கற்பூரம். கொஞ்ச நேரம் முன்புதான் அர்ச்சனை எங்கே செய்வார்கள் என்று என்னிடம் கேட்டிருந்தாள். குருக்கள் பெயரைச் சொன்னதும் அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"அவரு எந்த ஊரும்மா?"

"நெய்வேலி."

"அதுக்கு முன்ன?"

நான் சுரங்கத்துக்குள் போன ஊரின் பெயரைச் சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். அப்பாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை. இன்னொரு தடவை சத்தமாகவே கூப்பிட்டாள். பக்கத்து ஹோமத்துக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நெருப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்து உட்கார்ந்த ஒரு மாப்பிள்ளையின் முகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரோ போலருக்கு. மன்னிச்சுக்கம்மா" என்று அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

அவள் கூப்பிட்டது அப்பாவின் பெயரை, காலையில் சேத்தியாத்தோப்பில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் என்னிடம் சொன்ன பெயரை. பாவி மனுஷன், அந்தப் பெயரை யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் அவ்வளவு தூரம் வந்தார். கூப்பிட்டபோது அது தன் பெயர் என்று அவர் காதுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் காது அதை மறந்தே போயிருந்தது.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "இந்தப் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரரோட தம்பி பேருமா அது. முதுகப் பாத்தா அவரு முதுகு மாதிரியே இருந்துது."

"உங்க வீட்டுக்காரர் எங்க? வந்திருக்காரா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "போயிட்டாரும்மா. மழைக்கு முன்ன."

நான் அவள் கையை விடவில்லை. அவள் தானாகவே சொன்னாள். "அவருக்கு இன்னிக்குத்தான் அறுபது. திருக்கடையூர் போவணும்னு வருஷக்கணக்கா சொல்லிகினு இருந்தாரு. நான் மாதா கோயிலுக்குப் போறவ. இருந்தாலும் இந்த ஒரு நாள் உனக்காக வரேன்யான்னு சொல்லியிருந்தேன். அவரு இருக்கக் குடுத்து வெக்கல. சொன்ன வாக்கு இருக்குதே, அவர் பேருக்கு ஒரு அர்ச்சனையாவது பண்ணிட்டுப் போவலாம்னு மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தேன். இங்க வந்தா ஐயரு அவரு பேரையே சொல்றாரு, அவரு நட்சத்திரத்தையே சொல்றாரு."

செத்தவர்களுக்குக் கோயிலில் அர்ச்சனை கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. அவர்கள் கோயிலில் இறந்தவர் பெயரில் பூசை வைப்பார்கள், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அந்தத் தேங்காய் பழக் கூடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேல்பட்டாம்பாக்கம்! எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

நான் "அப்பா" என்றேன். அதற்கு உடனே திரும்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அப்பா, இவங்க பெரியம்மா" என்றேன்.

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிஷம் அவளுக்குப் பின்னால் பார்த்தார். தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணன் எங்க அண்ணி?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மாலையோடு அப்படியே தூணடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எனக்குத் தெரிந்ததைப் பெரியம்மாவிடம் நாலு வார்த்தையில் சொன்னேன். புருஷனுடைய பெயரில் இந்த மனுஷன் இவ்வளவு காலமும் வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"உங்களத் தேடி வந்தாரு" என்றாள் பெரியம்மா. "மேல்பட்டாம்பாக்கம் வர்றதுக்கு முன்ன, அம்பத்தூர்ல நாங்க இருக்கும்போது எத்தினியோ தடவ வந்தாரு. ஊரு இருந்த எடத்துல மண்ணு மேடுதான் இருக்குதுன்னு வந்து அழுவாரு. டவுன்ஷிப்புல பிளாக் பிளாக்கா அலைஞ்சாரு. ஷிஃப்ட் வுடற நேரத்துல பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு வர்றவங்க போறவங்களையெல்லாம் கேப்பாரு. அப்படி ஒரு ஆளே இல்லன்னுட்டாங்களாம்."

"யாரக் கேட்டான்? என்ன பேரு சொல்லிக் கேட்டான்?" என்றார் அப்பா.

"தம்பி பேரத்தான். உங்க பேரத்தான்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அவன் பேரச் சொல்லிக் கேட்டிருந்தா யாரா இருந்தாலும் என் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிகினு வந்து வுட்டிருப்பாங்களே அண்ணி! அவன் பேரச் சொன்னா நான் கெடச்சிருப்பேனே!"

"தன் பேர தானே சொல்லிகினு யாராவது தேடுவாங்களா?" என்றாள் பெரியம்மா. "தன்னாலதான் தம்பி எங்கியோ போயிட்டான்னு கடைசி வரைக்கும் நெனச்சிகினு இருந்தாரு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது கூட உங்க பேரத்தான் சொன்னாரு."

"அவன் வேலைய நான் எடுத்துக்கினேன் அண்ணி."

"வேலையக் கேட்டு அவரு வரல. தம்பியக் கேட்டுத்தான் வந்தாரு."

இதற்குள் அம்மா மணையை விட்டு எழுந்து வந்துவிட்டாள். "என்னங்க நடக்குது இங்க? ஐயரு கூப்புடறாரு, யாருங்க இவங்க?" என்று அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள். அப்பா உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், நட்சத்திரத்தைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவள் கேட்டதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"அப்ப எங்கப்பா பத்துப் பொருத்தமும் பாத்தது எனக்கும் உங்கண்ணனுக்குமா?"

அம்மா விடவில்லை. "வருஷா வருஷம் உங்க நட்சத்திரத்துக்கு அர்ச்சனை பண்ணினேனே, ஷிஃப்டுக்குப் போன மனுஷன் முழுசா வூட்டுக்கு வரணும்னு வேண்டிகினேனே, அதெல்லாம் யாருக்குப் போச்சு? சொல்லுங்க. யாருக்குப் போச்சு?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தாம்மா வந்திருக்கு" என்றாள் பெரியம்மா. "ரெண்டு தடவ இனிமே பொழைக்க மாட்டாருன்னு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. ரெண்டு தடவயும் எழுந்து வந்தாரு. மாதா குடுத்ததுன்னு நெனச்சிகினு இருந்தேன். நீயும் குடுத்திருக்க."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு, "அக்கா" என்று அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு கல்யாணப் பெண் அப்படி அழுவதைப் பார்த்து நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் அவர்களை முறைத்துத் துரத்தினேன்.

குருக்களிடம் அப்பாவே போய்ச் சொன்னார். நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. "கூடப் பிறந்தவர் போன சேதி காதுல விழுந்தாச்சுன்னா தீட்டு. தலை முழுகணும். இன்னிக்கு மாங்கல்யம் கிடையாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் தவிர, நீங்க சொல்றதைப் பார்த்தா இன்னிக்கு உங்களுக்கு அறுபதே இல்லையே. உங்க நட்சத்திரம் வரும்போது வாங்கோ" என்றார். பக்கத்து ஹோமத்தில் யாருக்கோ தாலி கட்டி முடிந்து கெட்டிமேளம் கொட்டியது. அம்மா தன் மாலையைத் தானே கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

கோயில் குளத்துக்குப் போனோம். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி முழுகினார். எழுந்து நின்றவர் அப்புறம் நகரவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. "என்னங்க, போதும் வாங்க" என்றாள் அம்மா. நானும், "அப்பா, வாப்பா" என்று கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் அவரால் திரும்ப முடியவில்லை.

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு படி இறங்கினாள். அப்பாவின் பெயரைச் சொல்லி, "வாப்பா, அண்ணன் கூப்புடறாருன்னு நெனச்சிகினு வா" என்றாள். அப்பா திரும்பினார். தண்ணீரை விட்டு ஏறி வந்து அவள் காலடியில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது பெரியம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். சிதம்பரம் தாண்டியதும் அம்மா, "உங்க நெஜ நட்சத்திரம் என்ன?" என்று கேட்டாள். அப்பா சொன்னார். அம்மா விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் நாலு வருஷம் கெடக்குது. அதுக்குள்ள ஒண்ணும் ஆயி வெக்காதீங்க. எனக்கு ஒழுங்கா ஒரு கல்யாணம் வேணும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் புதுத் தாலியை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்தாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் எங்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது. பெரியம்மா வருவாள், அம்மாவும் அவளும் சேர்ந்துகொண்டு அப்பாவைக் கிண்டல் செய்வார்கள். "யோவ் மாறுவேஷம், காபி ஆறுது" என்பாள் அம்மா. கல்லறைத் திருநாளன்று அப்பா மேல்பட்டாம்பாக்கம் போய் அண்ணன் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்தக் கல்லில் இருக்கிற பெயரும் அப்பாவின் பென்ஷன் வருகிற பெயரும் ஒன்று. முதல் தடவை பார்த்தபோது, "எம் பேருக்கு நானே மெழுவத்தி ஏத்தறேன் பாரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பெரியம்மா ஒருத்திதான் இருந்தாள். அவள் வருகிற நாளில் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருப்பார். அவள் தெருமுனையிலிருந்தே கூப்பிட வேண்டும், இவர் இங்கிருந்து "இதோ அண்ணி" என்று குரல் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை கெட்டது.

நாலு வருஷம் ஆகவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. தாலி பீரோவில் அப்படியே இருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்கள் பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து வாசலில் கட்டினார்கள். அதில் பெரியப்பாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அப்பாவின் போட்டோ, மீசையோடு. யாரை என்ன சொல்வது? அவர்களுக்கு அவர் அந்தப் பெயர்தான். ஷிஃப்ட் ஷிஃப்டாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள், மாலை போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்று அழுதார்கள்.

கொள்ளி நான்தான் வைப்பேன் என்று பெரிய சண்டை போட்டு ஜெயித்திருந்தேன். ஒரே பிள்ளை நான், வேறு யார் வைப்பது? ஈரப் புடவையோடு அப்பாவின் தலைமாட்டில் நின்றேன். காரியம் செய்து வைக்க வந்தவர் தர்ப்பையை என் விரலில் போட்டுவிட்டு, "அப்பா பேர் சொல்லும்மா, நட்சத்திரம் சொல்லு" என்றார். முற்றம் முழுக்க டவுன்ஷிப் ஆட்கள். எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த அம்மாதான் சொன்னாள். தெளிவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அப்பாவின் சொந்தப் பெயரைச் சொன்னாள். நட்சத்திரத்தையும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்பாவின் பெயரை நான் கேட்டது அப்போதுதான்.

கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், துக்கத்துல வேற யார் பேரையோ சொல்லுது" என்றார். டவுன்ஷிப்பில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ஒரு அத்தை அம்மாவின் தோளைத் தொட்டு, "அண்ணி, அவர் பேரு அது இல்லியே. அதுவும் நீங்க ஏன் சொல்றீங்க, புள்ள சொல்லட்டும்" என்றாள்.

"நான்தான் சொல்லுவேன்" என்றாள் அம்மா. "இவ்ளோ நாளும் சொன்னா ஆயுசு குறையும்னு வாயக் கட்டிகினு இருந்தேன். இனிமே குறையறதுக்கு என்ன இருக்குது?"

அப்படியே நகர்ந்து தலைமாட்டுக்கு வந்தாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள்.